பச்சை ஆறும் வரை

மலையடி மடத்துக் குரு மெய்யம்மைக்கு முப்பத்திரண்டு வயது. பச்சை குத்துகிற வீட்டில் பிறந்தவர். அவரிடம் நல்ல வார்த்தை கேட்க வருகிற வெள்ளைத்தாய்க்கோ ஐம்பத்தைந்து. சின்னவர் பெரியவளை அக்கா என்பார். பெரியவள் சின்னவரைத் தாயே என்பாள்.

அன்று வெள்ளைத்தாய் வந்தபோதே முகம் சரியில்லை.

"தங்கச்சி சிலம்பாயி வந்திருக்கா தாயே. ஏழு வருசம் கழிச்சு, தானாவே."

"நல்லதுதானே அக்கா."

"நல்லதுதான். ஆனா அம்மா செத்த அன்னைக்கு, நான் அம்மாவைப் பட்டினி போட்டேன்னு ஊர் முன்னால சொன்னாளே. மனசறிஞ்சுதான் சொன்னியான்னு கேட்க நாக்கு துடிக்குது. கேட்டா மூட்டையைக் கட்டிருவா. கேட்காம, அவ பாசம் நெசமான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

மெய்யம்மை புது ஊசி ஒன்றை எடுத்து, வெள்ளைத்தாயின் முன்கையில் தங்கையின் பெயரைப் பச்சை குத்தினார்.

"சுத்தமான தண்ணியில கழுவுங்க. ஊற விடாதீங்க. வெயில் படக் கூடாது. பொருக்கு தானா உதிரணும். ஆறினதும் வாங்க, பதில் சொல்றேன்."

ஆறாம் நாளே வெள்ளைத்தாய் வந்து நின்றாள். கை முந்தானைக்குள் இருந்தது.

"பிச்சுட்டீங்களா?"

"ஒரு ஓரம்தான்."

"அரிச்சுதோ?"

"அரிப்பைப் பொறுத்துக்கிட்டேன் தாயே. சாயம் பிடிச்சிருக்கான்னு பார்க்காம இருக்கத்தான் முடியல."

"பிடிச்சிருந்துச்சா?"

வெள்ளைத்தாய் கையை நீட்டினாள்.

"நான் பிச்ச இடத்துல மட்டும் இல்ல."

"வீட்டுக்குப் போங்க அக்கா."

வாசலில் கால் வைக்கும் முன்பே சிலம்பாயி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "பேரன் பேத்தி எடுத்தாச்சு, உனக்கு இப்ப பச்சை ஒண்ணுதான் கொறச்சலா? இனி சொறிஞ்சே, கையைக் கட்டிப் போட்டுருவேன்."

அன்று முதல் அவளே காலையில் கழுவித் துடைத்து, துளித் தேங்காயெண்ணெய் தொட்டு வைத்தாள். பொருக்குக்கு அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. அக்காவும் சொல்லவில்லை. கை அரித்தது. நாக்கும் அரித்தது. வெள்ளைத்தாய் சாமி படத்தைப் பார்த்தபடியே இரண்டையும் தாங்கினாள்.

மூன்றாம் வாரம், கழுவும்போது கடைசிப் பொருக்கும் தண்ணீரோடு போயிற்று. சிலம்பாயி எழுத்துக் கூட்டிப் படித்தாள். எழுந்து போய், வந்த நாளிலிருந்து மூலையில் கட்டியபடியே கிடந்த தன் மூட்டையை அவிழ்த்து, அக்காவின் பெட்டியில், அக்காவின் சேலைகளுக்கு மேலேயே தன் சேலைகளை அடுக்கினாள்.

மறுநாள் இருவரும் மடத்துக்கு வந்தார்கள். பெயர் கருகருவென்று நின்றது. 'ல'வின் வால் மட்டும் இல்லை.

"இந்த இடத்தை நிரப்பித் தாங்க தாயே."

"படிக்க முடியுதுல்ல," என்றாள் சிலம்பாயி. "விடு அக்கா."

வெள்ளைத்தாய் குருவின் காதருகே குனிந்தாள். "ஆறிருச்சு. இப்பக் கேட்கலாமா தாயே?"

"கேளுங்க."

அவள் தங்கையைப் பார்த்து வாயைத் திறந்தாள். தேடித் தேடிப் பார்த்தாள். ஏழு வருசம் நாக்கு நுனியில் கிடந்த கேள்வி அங்கே இல்லை. சிரிப்புத்தான் வந்தது.

"மதியத்துக்கு என்ன குழம்பு வைக்கட்டும்?"

"கத்திரிக்கா."

மெய்யம்மை ஊசிப் பெட்டியை மூடினார்.

"எனக்கும் சேர்த்து வைங்க அக்கா."