எறும்புகள் அளந்த சோறு

முன்னொரு காலத்தில், நெல்லைத் தவிர வேறெந்தப் பயிரையும் மதிக்காத ஒரு நாட்டைக் கோவரையன் என்ற மன்னன் ஆண்டுவந்தான். ஆண்டான் என்று நான் சொல்வது மரியாதைக்குத்தான். அவன் முக்கியமாகச் செய்த வேலை சாப்பிடுவதுதான். காலையில் நெய் வழியும் பொங்கல், உச்சிவேளையில் குவித்து வைத்த சோறு, பொழுது சாய்ந்ததும் பாலில் பிசைந்த சோறு, இடையில் வாய் சும்மா இருந்து துருப்பிடித்துவிடக் கூடாது என்று இரண்டு மூன்று அதிரசம்.

இப்படித் தின்றவன் ஒரு கோடையில் இளைக்கத் தொடங்கினான். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான், தாகம் அடங்கவில்லை. சிங்காதனத்தில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே எழுந்து கொல்லைக்கு ஓடினான். அரசன் சிறுநீர் கழிப்பதற்கென்று அங்கே மணல் பரப்பிய முற்றம் ஒன்று இருந்தது. ஒருநாள் காலை அந்த மணலைப் பார்த்த காவலன் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். மணலே தெரியவில்லை. அத்தனையும் கருப்பு எறும்பு.

மறுநாள் எறும்புகள் படியேறின. அதற்கும் அடுத்த நாள் மன்னன் கழற்றிப் போட்ட வேட்டியில் மொய்த்தன. பிறகு ஒரு பட்டப்பகலில், சபை நிறைந்திருக்கும்போது, சுவர் ஓரமாக ஒற்றை வரிசையில் வந்து சிங்காதனத்தின் கால் அருகே நின்றன. அந்த நாட்டில் அதற்கு ஒரு பெயர் இருந்தது. எறும்பழைப்பு என்பார்கள். செத்துப்போனவர்கள் உயிரோடு இருப்பவரைக் கூப்பிட அனுப்பும் தூது அது. மன்னனின் அப்பா, பெரிய மகாராசா, இறப்பதற்கு முன்னும் இதே எறும்புகள் இதே போல் வந்தன.

மன்னன் வெலவெலத்துப்போய் அரண்மனை மருத்துவர் நமச்சிவாயப் பண்டிதரை அழைத்தான். அவர் நாடி பார்த்தார், மணலைப் பார்த்தார்.

"மகாராசா, இது நீரிழிவு. தாங்கள் உண்ணும் சோறெல்லாம் உடம்பில் தேனாகிக் கீழே இறங்குகிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. சோற்றைக் குறைக்க வேண்டும்."

"மிஞ்சாத அளவு எது, பண்டிதரே?"

பண்டிதர் தாடியைத் தடவினார். "அது உடம்புக்கு உடம்பு மாறும்" என்றார். உண்மையைத்தான் சொன்னார். ஆனால் அரசர்களுக்கு உண்மை போதாது, எண்ணிக்கை வேண்டும்.

அப்போது பிரதானி மழவராயர் எழுந்தார். நாட்டின் சடங்கும் சம்பிரதாயமும் அவர் பொறுப்பு. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நஞ்சு என்று தெரிந்த பிறகு அதில் என்ன அளவு, மகாராசா? ஒரு பருக்கைகூட வேண்டாம்."

மன்னன் அன்றே சோற்றை நிறுத்தினான். அதோடு விட்டானா என்றால் இல்லை. நாசிக்கு எங்கிருந்தோ உலை கொதிக்கும் வாசனை வந்தது. நான் தின்னாததை என் நாட்டில் எவனும் தின்னக் கூடாது என்று பறை அறைவித்துவிட்டான்.

ஊர் எப்படி ஆயிற்று என்று நினைக்கிறீர்கள்? நெல் குத்தும் சத்தம் நின்றது. குடியானவர்கள் கீரையையும் புளியங்கொட்டையையும் அவித்துத் தின்றார்கள். அரிசி மாவு இல்லாததால் வாசலில் கோலம் இல்லை. சாவு விழுந்த வீட்டில்தான் கோலம் போடமாட்டார்கள். இப்போது தெருவுக்குத் தெரு எல்லா வாசலும் வெறுமையாகக் கிடந்தன. வெளியூரிலிருந்து வந்த வண்டிக்காரர்கள், இத்தனை வீட்டிலுமா இழவு என்று மாட்டைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

எறும்புகள் போய்விட்டன. ஆனால் அவற்றை அனுப்பியவர் வந்துவிட்டார்.

சோறில்லாத மன்னனுக்குக் கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது. தலை சுற்றியது. வாய் திறந்தால் அழுகிய பலாப்பழ நாற்றம் அடித்தது. ஒருநாள் சபையில் வழக்கு நடக்கும்போது மூன்றாவது தூணைப் பார்த்து, "அங்கேயே நிற்கிறீர்களே, உட்காருங்கள்" என்றான். அங்கே ஒருவரும் இல்லை. மன்னன் மெல்லச் சொன்னான்: "அப்பா வந்திருக்கிறார். ஈர வேட்டியோடு நிற்கிறார்." இறந்த பெரிய மகாராசாவைக் குளிப்பாட்டி, ஈரம் காயாத வேட்டியோடுதான் தூக்கினார்கள். அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். தூணருகே உட்கார்ந்திருந்த கணக்கர் மெதுவாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு வேறிடம் போனார்.

அன்றிலிருந்து அப்பா தினமும் வந்தார். மன்னன் பேசினான், சில நாள் அழுதான். கடைசியில் சபையைக் கூட்டினான்.

"சோறு கூடினால் அப்பா எறும்பை அனுப்புகிறார். சோறு இல்லாவிட்டால் தாமே வந்து நிற்கிறார். நான் எவ்வளவு தின்றால் அவர் சும்மா இருப்பார்? பண்டிதரை நம்பமாட்டேன், பிரதானியையும் நம்பமாட்டேன். அவரையே கேட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள்."

மழவராயர் இதற்குத்தான் காத்திருந்தார். சபையில் விகடம் செய்யும் உப்பிலியை அவருக்கு ஆகாது. தாம் நீட்டி முழக்கிச் சொல்லும் எதையும் அவன் ஒரே சொல்லில் கேலியாக்கிவிடுவான் என்ற காய்ச்சல். "மகாராசா, உப்பிலிக்கு எவரிடமும் பேசத் தெரியும். பெரிய மகாராசாவை அடக்கம் செய்த இடத்தில் எழுப்பிய பள்ளிப்படைக் கோயிலுக்குக் கீழே நிலவறை இருக்கிறது. அவனை உள்ளே அனுப்பிக் கல்லால் மூடிவிட்டால், நேரில் கேட்டுவிடுவான்" என்றார்.

"பதிலை எப்படிக் கொண்டுவருவான்?" என்றார் பண்டிதர்.

"கெட்டிக்காரன், வழி கண்டுபிடிப்பான்."

மன்னன் தூணைப் பார்த்தான், பிறகு உப்பிலியைப் பார்த்தான். "நாளைக் காலை போய் வா" என்றான்.

உப்பிலி வீட்டுக்குப் போனான். மனைவி செங்கமலம் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கை நின்றுவிட்டது.

"எல்லாரையும் சிரிக்க வச்சீங்களே, உங்களுக்காக ஒருத்தரும் வாயத் தொறக்கலியா?"

"பண்டிதர் ஒரு கேள்வி கேட்டார்."

"கேட்டுட்டு உக்காந்துக்கிட்டாரா?" அவள் கண்ணைத் துடைத்தாள். "வாசல்ல கோலம் போடாத நாள்லேந்து எனக்கு மனசே சரியில்லங்க. ஒரு எறும்புகூட நம்ம வீட்டுப் பக்கம் வர்றதில்ல. நம்ம வீடும் செத்த வீடு மாதிரிதான் இருக்குது."

உப்பிலிக்கும் பயம்தான். விகடகவிக்குப் பயம் இருக்காது என்று சொல்பவர்கள் கல் மூடிய அறையை நினைத்துப் பார்க்காதவர்கள். ஆனால் அவள் சொன்னது அவன் காதிலேயே நின்றது.

காலையில் அவன் நிலவறைக்குப் போகாமல் சபைக்கு வந்தான். "மகாராசா, போகத் தயார். பிரதானியாரிடம் முறை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு மன்னர் நமக்குத் தூதர் அனுப்பியிருக்கும்போது, அந்தத் தூதரை வரவேற்காமல் நாம் நம் தூதனை அனுப்பலாமா?"

மழவராயர் சம்பிரதாயத்தில் புலி. யோசிக்காமல், "கூடவே கூடாது. அது அந்த மன்னருக்குப் பெரிய அவமரியாதை" என்றார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பெரிய மகாராசாவின் தூதர்கள் வந்தார்கள். சிங்காதனத்தின் கால்வரை வந்து நின்றார்கள். ஆனால் நாம் என்ன செய்தோம்? பதில் பேசாமல் துடைப்பத்தால் பெருக்கினோம். அதனால்தான் அவரே ஈர வேட்டியோடு வந்து நிற்கிறார். தூதர்களை மறுபடி அழைப்போம். மகாராசா இன்று ஒரே ஒரு பிடி சோறு உண்ணட்டும். நாளை மணலில் தூதர் வந்தால், பெரிய மகாராசா மறுக்கிறார் என்று பொருள். வராவிட்டால் சம்மதம். பிறகு ஒவ்வொரு பிடியாகக் கூட்டிக் கேட்போம்."

"எறும்புகள் ஊரை விட்டே போய்விட்டனவே" என்றான் மன்னன்.

"எந்த வாசலிலும் கோலம் இல்லை. ஒரு பருக்கை சிந்தும் அடுப்படி இல்லை. வரவேற்க ஆளில்லாத ஊருக்கு எந்தத் தூதர் வருவார்? முதலில் ஊர் சமைக்கட்டும்."

மன்னன் வெகுநேரம் தூணோடு கண்ணால் பேசினான். பிறகு தடையை நீக்கினான். அன்று ஊரில் எழுந்த புகையைப் பார்த்து, மழை மேகம் என்று மாடுகள் கொட்டிலுக்குத் திரும்பியதாகச் சொல்வார்கள். வாசல்தோறும் மாக்கோலம் விழுந்தது. எறும்புகளும் எங்கிருந்தோ வந்து சேர்ந்தன.

யார் கைப்பிடி என்று ஒரு தகராறு வந்தது. பண்டிதர் கை சிறியது, சமையற்காரன் கை முறம் மாதிரி. "உண்பவர் கைதான் அளவு" என்றான் உப்பிலி. மன்னன் தன் மெலிந்த கையால் ஒரு பிடி எடுத்து, கீரையோடும் மோரோடும் உண்டான்.

மறுநாள் விடியலில் நடந்ததைப் போல ஒரு சபை எந்த நாட்டிலும் கூடியிருக்காது. பட்டும் தலைப்பாகையுமாக மொத்த அரசவையும், மன்னன் சிறுநீர் கழித்த மணலைச் சுற்றிக் கைகட்டி நின்றது. பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஒருவரும் இருமவில்லை.

எறும்பு வந்தது. சுவரின் நாலு மூலையிலிருந்தும் வந்து மணலைக் கருப்பாக்கியது. மன்னன் முகம் வெளுத்தது. "ஒரு பிடிக்கே மறுப்பா" என்றான்.

மழவராயர் தொண்டையைச் செருமினார். "நிலவறை தயாராக இருக்கிறது."

உப்பிலி குந்தி மணலை உற்றுப் பார்த்தான். எறும்பு வரிசையில் ஒரு கிளை பிரிந்து போயிற்று. அது போய்ச் சேர்ந்த இடம் பிரதானியின் கால். கணுக்காலில் ஏறி, பட்டுக்கரையில் ஊர்ந்து, வலது கை விரல்வரை போயிருந்தது. அவரோ அசையாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

உப்பிலி எழுந்து அவரை விழுந்து கும்பிட்டான்.

"பாக்கியவான் நீங்கள். மகாராசா, தூதர்கள் அழைப்பைக் கொடுத்துவிட்டார்கள், பிரதானியாருக்கு. பெரிய மகாராசா தமக்கு வேண்டிய ஆளைத் தாமே பார்த்து எடுத்துக்கொண்டார். இனி நான் போவது முறையாகாது."

மன்னன் பிரதானியைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், வெறும் சுவரைப் பார்த்தான். மெல்லிய குரலில் சொன்னான்: "ஆமாம். அப்பா தலையாட்டுகிறார்."

கூட்டத்தில் பாதிப் பேருக்கு மயிர் கூச்செறிந்தது. உப்பிலிக்கும்தான். இது அவன் எதிர்பாராதது. காவலர்கள் பிரதானியின் இரு தோளையும் பிடித்தார்கள். அவர் மணலிலேயே விழுந்தார்.

"பாகு, மகாராசா, கருப்பட்டிப் பாகு. நான்தான் இருட்டு விலகுமுன் வந்து ஊற்றினேன். கையில் ஒட்டிக்கொண்டது. வேண்டுமானால் நக்கிப் பாருங்கள்."

யாரும் முன்வராததால் அவரே நக்கிக் காட்ட வேண்டியதாயிற்று. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள், அவருக்கு அது தித்திக்கவும் செய்தது. மன்னன் அவரை நிலவறைக்கு அனுப்பவில்லை. தூதர்களை வரவேற்கும் அதிகாரியாக்கினான். அதாவது, தினமும் விடியலில் அந்த மணலருகே குந்தியிருந்து, எறும்பு வந்ததா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

மணலை மாற்றினார்கள். ஒரு பிடியில் சில நாள் நிறுத்தினார்கள். எறும்பு வரவில்லை. இரண்டு பிடியானது. கெண்டைக்கால் வலி போயிற்று, வாய் நாற்றம் குறைந்தது. தூணருகே நிற்பவர் முகம் இப்போது சரியாகத் தெரியவில்லை என்றான் மன்னன். மூன்று பிடியானபோது அவர் வரவே இல்லை. மன்னனுக்கு உடம்பு தேறியது, ஆனால் அன்று முழுவதும் அவன் அந்தத் தூணையே சுற்றிச் சுற்றி வந்தான். நிற்பவர் ஆவியென்றாலும் அப்பா அல்லவா.

நடுவில் ஒருநாள் மூன்று பிடிக்கே எறும்பு வந்துவிட்டது. சபை கலங்கியது. உப்பிலி மன்னனின் காதருகே போய், "தூதர்கள் பொய் சொல்லமாட்டார்கள்" என்றான். மன்னன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப்புரத்தில் நாலு பலாச்சுளை தின்றிருந்தான். அதுவும் பிடிக் கணக்கில் சேரும் என்று அன்று எல்லாருக்கும் புரிந்தது.

சுளையை விட்டதும் எறும்பு நின்றது. பிறகு நாலு பிடி கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்த விடியலில் மழவராயர் ஓடிவந்தார், "வந்துவிட்டார்கள்" என்று. ஒரே வரிசை, ஒற்றை இழை போல, மணலின் நடுவரை வந்து நின்றிருந்தது. மூன்றுக்குத் திரும்பினார்கள். மறுபடி எறும்பு இல்லை.

"மூன்று பிடி. பெரிய மகாராசா சொல்லிவிட்டார்" என்றான் உப்பிலி.

மன்னன் உப்பிலியைத் தவிர எல்லாரையும் வெளியே அனுப்பினான். "உண்மையைச் சொல். அப்பாதான் அனுப்பினாரா?"

உப்பிலி அன்று விகடம் பேசவில்லை. "எனக்குத் தெரியாது, மகாராசா. ஒன்று மட்டும் தெரியும். அவருக்கும் இதே எறும்புகள்தான் வந்தன. எறும்பழைப்பு வந்துவிட்டது, இனி எதற்குக் குறை என்று, கடைசி ஆசையாகத் தினமும் சர்க்கரைப் பொங்கலாக ஊட்டினார்கள். எறும்புகள் அவரைக் கூப்பிட வந்தவையோ, எச்சரிக்க வந்தவையோ. ஒருவரும் ஒரு பிடி குறைத்துப் பார்க்கவில்லை."

மன்னன் அழுதான். "அந்தப் பொங்கலை ஊட்டியவன் நான்தான்" என்றான்.

உச்சிவேளை மணி அடித்தது. சமையற்காரன் இலை போட்டுச் சோற்றுப் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போனான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு மன்னன் கேட்டான்: "என்ன வேண்டும் கேள். ஊரா, பொன்னா?"

"கொடுப்பதைக் கொடுங்கள். அதோடு, தாங்கள் உண்ணக் கூடாத அந்த நாலாவது பிடியைத் தினமும் என் இலையில் போடச் சொல்லுங்கள். பாத்திரத்தில் இருந்தால்தானே தங்கள் கை அதைத் தேடும்."

மன்னன் சிரித்தான். கோடைக்குப் பிறகு அந்த அரண்மனையில் கேட்ட முதல் சிரிப்பு அது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் மிச்சமிருந்த நீரும் வழியச் சிரித்தான். ஆற்றங்கரையில் ஒரு ஊரை உப்பிலிக்கு எழுதி வைத்தான். நாலாவது பிடியைத் தன் கையாலேயே எடுத்து அவன் இலையில் வைத்தான்.

உப்பிலி உண்டான். அவன் ஒவ்வொரு பருக்கையையும் வாயில் போடுவதை மன்னன் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாளும் பார்த்தான், அதற்கடுத்த நாளும் பார்த்தான். உப்பிலி நெடுங்காலம் வாழ்ந்தான், எத்தனையோ பந்தியில் உட்கார்ந்தான். ஆனால் அந்தப் பிடியைப் போல எந்தச் சோறும் அவனுக்கு ருசித்ததில்லை, எந்தச் சோற்றையும் அவன் அவ்வளவு பயந்து விழுங்கியதும் இல்லை.