தலையாட்டும் சபை

முத்துத்துறை ராஜா கோபாலபூபதிக்குக் கப்பல் வியாபாரத்தில் கொள்ளை ஆசை. கஜானாவோ காலி. காற்று திரும்புமுன் கடன் வாங்கிக் கப்பல்களைச் செப்பனிடாவிட்டால், துறைமுகத்துச் சனம் வருஷம் பூராவும் பட்டினிதான்.

கடன் கொடுக்க முன்வந்த வயிரவன் செட்டியார் ஒரு நிபந்தனை போட்டார். "உங்கள் கப்பல் சபையில் ஒரு பெண் இருந்தால் பாதி வட்டி. இல்லாவிட்டால் முழு வட்டி. ஆண்கள் மட்டும் உட்கார்ந்த சபைகளுக்குக் கொடுத்துப் பட்டவன் நான்."

"நம் விகடக்காரி செங்கமலத்தை உட்கார வைத்தால் என்ன?" என்றார் ராஜா.

பிரதான மந்திரி அனந்தராயர் பதறிவிட்டார். "அவள் பேசுவாளே, பிரபு. நான் வேறு ஏற்பாடு செய்கிறேன்."

செய்தாரே ஓர் ஏற்பாடு! தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை ஆள் உயரத்துக்குச் செய்வித்து, பட்டுச் சேலை கட்டி, முக்காடு போட்டு, நாற்காலியில் இருத்திவிட்டார். பின்னால் நின்று விசிறும் வேலை செங்கமலத்துக்கு. விசிறினால் பொம்மையின் தலை ஆடும். செட்டியார் என்ன சொன்னாலும் தலையாட்டும்படி மற்ற மந்திரிகளுக்கும் உத்தரவு.

செட்டியார் வந்து உட்கார்ந்தார். "இன்றைக்கு வெயிலே இல்லை" என்றார். மந்திரிகள் வியர்வையைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினார்கள். பொம்மையும் ஆட்டியது.

"கப்பல்களை மலை வழியாக அனுப்பலாமே?"

அதற்கும் ஆட்டினார்கள். செட்டியார் கண்ணைச் சுருக்கினார்.

"சரி, வட்டியை இரண்டு மடங்கு ஆக்குகிறேன். சம்மதம்தானே?"

சபை முழுக்கத் தலையாட்டியது. பழக்கதோஷத்தில் ராஜாவும் ஆட்டிவிட்டார்.

விசிறி நின்றது.

"எனக்குச் சம்மதமில்லை" என்றாள் செங்கமலம். "துறைமுகத்துப் பிள்ளைகள் சோற்றில் மண்ணைப் போடாதீர்கள், ஐயா."

"நீ யாரம்மா? சபையில் இருக்கும் பெண் அவரல்லவா?"

செங்கமலம் முக்காட்டை விலக்கிக் காட்டினாள். "இது பொம்மை. இங்கே எல்லாமே பொம்மைதான், ஐயா. ஒன்றுக்கு மட்டும் சேலை கட்டியிருக்கிறோம்."

ராஜாவுக்கு முகம் சிவந்துபோயிற்று. செட்டியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "முடியாது என்று சொல்ல ஓர் ஆள் இருக்கும் இடத்தில்தான் என் பணம் பத்திரம். இந்த அம்மா உட்காரட்டும். பாதி வட்டிக்கே தருகிறேன்."

ராஜாவும் சிரித்துவிட்டார். அனந்தராயரை எழுந்திருக்கச் சொல்லி, அவருடைய நாற்காலியைச் செங்கமலத்துக்குக் கொடுத்தார்.

"இந்தப் பொம்மையைத் தூக்கிப் போட்டுவிடலாமா?" என்று கேட்டார்.

"இருக்கட்டும், பிரபு. சம்பளம் வாங்காமல் தலையாட்டுவது அது ஒன்றுதான்."