பூவாயி கையெடுத்த பயிர்

மாடும் மண்புழுவும் மனுஷரோடு வாய்க்கு வாய் பேசிய அந்தக் காலத்தில், நெல்லை யாரும் அரிவாளால் அறுக்கவில்லை. வேரோடு பிடுங்கினார்கள். பிடுங்கி முடித்த வயல் மொட்டையடித்த மண்டை மாதிரி பளபளக்கும். ஊரிலேயே சுத்தமான வயல் பூவாயியுடையது. அதில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை.

பெருமை சோறு போடுமா? இரண்டு போகமாகக் கதிரெல்லாம் பதர். "இந்தத் தடவையும் பொய்ச்சா இந்த மண்ணை விட்டுட்டுக் கிளம்ப வேண்டியதுதான்" என்று தன் செவலைக் காளையிடம் புலம்பிக்கொண்டே மண்ணைக் கொத்தினாள். நூலாக இளைத்த ஒரு மண்புழு மேலே வந்தது.

"நெல்லை எடுத்துக்கிட்டே, சரி. வைக்கோலையும் துடைச்சு எடுத்துட்டா நான் எதைத் தின்னு மண்ணுக்குச் சத்துக் கொடுக்கறது? அதுல பாதியைத் திருப்பிக் கொடு தாயி."

"அப்ப நான் பட்டினி கிடக்கவா?" என்று செவலை சிலிர்த்தது.

பூவாயி அதன் கழுத்தைத் தடவினாள். "ஒரு போகம் அரை வயிறோட பொறுத்துக்க சாமி." காளை முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தது.

அவளுக்கோ இருப்புக் கொள்ளவில்லை. அன்றே வைக்கோலை இறைத்து, மடக்கி உழுது, மறுநாளே நட்டுவிட்டாள். புழு ஏதோ சொல்ல வாயெடுத்தது. கேட்க யாருக்கு நேரம்?

பத்தாம் நாள் பயிரெல்லாம் மஞ்சளாக வெளிறி நின்றது. "என் தீனியும் போச்சு, உன் பயிரும் போச்சு" என்று காளை இடித்துக்காட்டியது. ஆத்திரத்தில் பூவாயி பிடுங்கி எறிய ஒரு குத்துப் பயிரை இறுகப் பிடித்தாள்.

"கையை எடு தாயி" என்று வேரடியிலிருந்து புழு கத்தியது. "ரெண்டு வாரம் பொறுன்னு சொல்ல வந்தேன், அதுக்குள்ள நட்டுட்டே. என் கூட்டாளிங்க கோடிப் பேரு, கண்ணுக்கே தெரியமாட்டாங்க. அவங்க விடற சாறுலதான் வைக்கோல் கரையும். வேலை செய்யத் தெம்பு வேணும்னு மண்ணுல இருந்த சத்தை அவங்களே சாப்பிட்டுட்டாங்க. முடியட்டும், எல்லாத்தையும் பயிருக்குப் பரிமாறிடுவாங்க."

நம்புவதா, வேண்டாமா? மறுபடி நட அவளிடம் ஒரு பிடி விதைநெல்கூட இல்லை. பிடியை விட்டாள்.

அப்பப்பா, அந்தக் காத்திருப்பு இருக்கிறதே! தினமும் விடிந்ததும் வரப்புக்கு ஓடுவாள், மஞ்சளைப் பார்த்துத் தொங்கிய முகத்தோடு திரும்புவாள். ஒருநாள் ஒரு மூலையில் பச்சை. அடுத்த வாரம் வயல் முழுக்கக் கரும்பச்சை. முற்றியபோது கதிர்கள் பாரம் தாங்காமல் தலைகுப்புறச் சாய்ந்தன. பூவாயி சிரித்துக்கொண்டே அழுதாள். இனி எங்கும் போக வேண்டாம். பிடுங்க மனம் வராமல் அரிவாளை எடுத்து, அடித்தாளை மண்ணுக்கே விட்டு அறுத்தாள்.

அன்று தொட்டுத்தான் நம்மவர்கள் தாளை மடக்கி உழுது, தண்ணீர் கட்டி, இரண்டு வாரம் வயலைத் தொடாமல் விடுகிறார்கள். ஏன் இன்னும் நடவில்லை என்று கேட்டுப் பாருங்கள். "உள்ள பந்தி நடக்குது, சாப்பிட்டு எந்திரிக்கட்டும்" என்பார்கள்.