திம்பம் ஏற்றத்தில் டர்போ முள்

சவரியப்பனுக்குத் தலை நரைத்துவிட்டது. ஆனாலும் அவர்தான் சீடர். டர்போ இல்லாத பழைய லாரியிலேயே காலம் தள்ளியவர். டர்போ வைத்த புது லாரியை அவருக்குப் பழக்க வந்த செண்பகத்துக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். அவளை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்.

திம்பம் மலைக்குக் கீழே, பண்ணாரி அடிவாரத்தில் சிமெண்ட் லோடோடு வண்டி நின்றது. சவரியப்பன் நியூட்ரலிலேயே ரேஸ் பண்ணிப் பார்த்தார். எஞ்சின் ஊரைக் கூட்டியது. டர்போ அழுத்தம் காட்டும் முள் மட்டும் அசையக் காணோம்.

"ஏனுங் மாஸ்டர், இத்தனை மிதிச்சும் ஏறமாட்டீங்குதே?"

"எஞ்சின் விடற புகைதானுங்ணா டர்போவைச் சுத்த வைக்கும். அது சுத்தினாத்தான் எஞ்சினுக்குள்ள காத்தை அமுக்கித் தள்ளும். பாரம் இழுக்காம விடற புகையில வேகம் ஏதுங்க? கியரைப் போட்டு ஏறுங்க."

மலைக்கு மேலே ஹாசனூரில் சவரியப்பனுடைய மகள் ரோசலின் இருக்கிறாள். பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வந்து நின்றவளை வாசலிலேயே வைத்து, வாய்க்கு வந்தபடி பேசி விரட்டியவர் இவர். அந்தப் பக்கம் போகிற டிரைவர்களிடம் எல்லாம், "அப்பனுக்குக் கோபம் போயிருச்சுன்னு சொல்லுங்கப்பா" என்று சொல்லி அனுப்புவார். தான் மட்டும் போனதில்லை. பதிலும் வந்ததில்லை.

கொண்டை ஊசி வளைவில் நாலாவது கியரிலேயே மிதித்தார். வண்டி முக்கியது. முள் ஏறவில்லை.

"மூணுக்கு இறக்குங்க."

இறக்கி மிதித்தார். அப்போதும் முள் உடனே ஏறவில்லை. பழைய லாரியில் பழகிய காலுக்குப் பொறுமை ஏது? மிதியை விட்டுவிட்டு மறுபடி உதைத்தது. ஏறப்போன முள் படுத்துவிட்டது.

"காலை எடுத்துட்டீங்களே! புகை போய்ச் சுத்தணும், காத்து சேரணும். கொஞ்சம் நேரமாகுமுங்ணா. மிதிச்ச காலை எடுக்காதீங்க."

அடுத்த வளைவில் எடுக்கவில்லை. முள் மெல்ல எழுந்தது. வண்டி பாரத்தை இழுத்துக்கொண்டு ஏறியது.

ஹாசனூரில் மகள் வீட்டுக்கு எதிரே நிறுத்திவிட்டு, இறங்கிப் போனார். கதவு திறந்தது. போன வேகத்திலேயே திரும்பி வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"பார்த்தாளுங்க மாஸ்டர். ஒரு வார்த்தை பேசல. கதவைத் திறந்து போட்டுட்டு உள்ள போயிட்டா. நான் அன்னிக்குப் பேசின பேச்சு அப்படி. வாங்க போலாம், வண்டியெடுக்கறேன்."

அவர் ஏறுவதற்குள் செண்பகம் டிரைவர் சீட்டுக்கு நகர்ந்திருந்தாள்.

"லோடை நான் கொண்டுபோய் இறக்கிக்கறேன். நீங்க காலை எடுத்துடாதீங்ணா."