ஐந்து எண்ணும் நேரம்

“டீச்சர், மாசானம் பேரை இனிமே கூப்பிடாதீங்க.”

வடமலை அண்ணாச்சி இதைச் சொல்லத்தான் மலையேறி வந்திருந்தார். மூச்சு வாங்கியது. கையில் வாக்கி டாக்கி.

எஸ்தர் டீச்சர் அவரைவிடப் பத்து வயது சின்னவள். ஆனாலும் ஊரார் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோவை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். உச்சியில் இருக்கும் ரிப்பீட்டரையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். ரிப்பீட்டர் என்ன பெரிய ரிப்பீட்டர்! தனக்கென்று ஒரு சொல்லும் இல்லாத பெட்டி. யாராவது பொத்தானை அழுத்திப் பேசினால், அதை வாங்கிச் சுற்றுப்பட்டு ஊருக்கெல்லாம் சொல்லும். அவ்வளவுதான்.

தினமும் காலை ஏழு மணிக்கு டீச்சர் ரேடியோ வைத்திருக்கும் எல்லார் பேரையும் அதில் கூப்பிடுவாள். ஆள் இருந்தால் பதில் வரும். மாசானம் செத்து நாற்பது நாள் ஆகியும் அவன் பேரையும் கூப்பிட்டு, ஐந்து எண்ணும்வரை காத்திருப்பாள்.

“ஏன் அண்ணாச்சி, கூப்பிட்டா என்ன?”

“அந்த அஞ்சு எண்ணுற நேரத்துல யாரோ மூச்சு விடுறாங்களாம். எல்லாரும் பயந்து கெடக்காங்க. அவன்தான் வந்துட்டான்னு மாடத்தி ரேடியோவைக் கட்டிப்பிடிச்சு அழுறாளாம்.”

“உங்களுக்குக் கேக்குதா?”

“எனக்கு மட்டும் ஒண்ணும் கேக்க மாட்டேங்குது.”

டீச்சர் சிரிக்கவில்லை.

ஆன்டெனா கட்ட ரிப்பீட்டரின் இரும்புக் கோபுரத்தில் ஏறி விழுந்தவன் மாசானம். இடுப்பில் பாதுகாப்பு பெல்ட் இல்லை. திமிர் பிடித்தவன், பெல்ட் போடாமல் ஏறிவிட்டான் என்றது ஊர். அவன் மனைவி மாடத்தியும் அதை நம்பி, பிணத்தைத் திட்டித் திட்டி அழுதாள்.

பெல்ட்டை எடுத்துவர மறந்தது வடமலை. “அஞ்சு நிமிஷ வேலைதானடே, ஏறு” என்று சொன்னதும் அவர்தான். பக்கத்தில் வேறு ஆள் இல்லை. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்ல வாயும் திறக்கவில்லை. என்ன மனுஷனோ!

“மணி ஏழாச்சு. இன்னைக்கு இங்கேயே நின்னு கேளுங்க” என்றாள் டீச்சர்.

வெளியே மூடுபனி. கோபுரம் பாதிக்கு மேல் தெரியவில்லை.

டீச்சர் பேர்களைக் கூப்பிட்டாள். ஒவ்வொருவராகப் பதில் சொன்னார்கள். பிறகு மாசானம் பேர் வந்தது.

ஒன்று. இரண்டு.

மேஜைமேல் இருந்த ஸ்பீக்கரில் மூச்சு. கனத்த மூச்சு. மலையேறி வந்தவனின் மூச்சு.

வடமலை பயத்தில் தன் மூச்சை அடக்கிக்கொண்டார்.

ஸ்பீக்கரிலும் நின்றது.

முடியாமல் விட்டார். ஸ்பீக்கரிலும் விட்டது.

மெல்லக் குனிந்து தன் கையைப் பார்த்தார். வாக்கி டாக்கியின் பொத்தானைக் கட்டைவிரல் அழுத்திக்கொண்டிருந்தது. எப்போது அழுத்தினார் என்று அவருக்கே தெரியாது. அழுத்தியிருக்கும்வரை அழுத்தியவருடைய ரேடியோவில் ஒன்றும் கேட்காது. அது டீச்சர் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம்.

பதறி விரலை எடுக்கப் போனார்.

டீச்சர் அந்த விரல்மேல் தன் கையை வைத்து அழுத்தினாள்.

“மாடத்தி கேட்டுக்கிட்டிருக்கா, அண்ணாச்சி. சொல்லுங்க.”