தைலம்மை ஆச்சியின் பதினோரு வருஷம்

மலையடிவார ஆசிரமத்தின் குரு மீனலோசனி அம்மையாருக்கு ஐம்பது வயது. அவருடைய சிஷ்யை தைலம்மை ஆச்சிக்கு அறுபத்தெட்டு. ஆனாலும் ஆச்சி குருவைத் 'தாயே' என்றுதான் கூப்பிடுவாள்.

அங்கே தினமும் ஒரே பாடம்தான்: நீ இந்த உடம்பு அல்ல. ஆச்சி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நாலு பிள்ளை பெற்றவளுக்குப் பதினோரு வருஷமாகக் கர்ப்பப்பை இறங்கியிருந்தது. குந்தி உட்கார்ந்தால் வெளியே வந்துவிடும். உள்ளே தள்ளிவிட்டு, கைகால் கழுவி, ஜபத்துக்கு உட்கார்ந்துவிடுவாள். பெற்ற மகளிடம்கூட மூச்சு விட்டதில்லை. நடுவில் எழுந்து ஓட வேண்டாமென்று தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிட்டாள். இதெல்லாம் தவம் என்று ஒரு நினைப்பு, பாவம்.

ஒரு நாள் காலையில் துணியில் ரத்தம் பட்டிருந்தது. ஆச்சி பயந்துவிட்டாள். நேரே குருவிடம் போய் நின்றாள்.

"தாயே, உடம்பு நானில்லைங்கிறீக. உடம்புல ஒண்ணு இறங்கி வெளிய வந்துட்டா, அது யாருக்கு இறங்குது?"

"எது இறங்குது, ஆச்சி?"

ஆச்சி தரையைப் பார்த்தபடி சொன்னாள். ஏதாவது தத்துவம் வரும் என்று காத்திருந்தாள்.

குரு செருப்பை மாட்டிக்கொண்டார். "வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

டாக்டரம்மா சோதித்துப் பார்த்தார்.

"உரசி உரசிப் புண்ணாயிருக்கு. மூத்திரமும் முழுசாப் போகாம தங்குது. இப்படியே விட்டா கிட்னியைப் பாதிக்கும். முதல்ல மருந்து வச்சுப் புண்ணை ஆத்துவோம். அப்புறம் தாங்கிப் பிடிக்க உள்ளே ஒரு வளையம் வைக்கலாம், இல்லைன்னா ஆபரேஷன். இன்னைக்கே சேர்ந்துடுங்க."

டாக்டரம்மா வெளியே போனதும் ஆச்சி கட்டிலை விட்டு இறங்கிவிட்டாள்.

"வேணாம் தாயே. வைத்தியம் பாத்தா, இந்த உடம்பு நான்தான்னு ஒத்துக்கிட்டதா ஆயிராதா? பொறுத்ததெல்லாம் வீணாப் போயிருமே!"

ஆச்சி குருவின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள்.

"இல்லை, நீங்க சொன்ன பாடம்தான் பொய்யா? எனக்கு ஒண்ணுமே விளங்கலை."

"பாடம் மெய்தான், ஆச்சி."

"அப்ப கெளம்புவோம்."

குரு வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"இந்த உடம்பு நீங்க இல்லை. சரி. அப்போ யாரோ ஒருத்தியைப் பதினோரு வருஷமா வலியில துடிக்க விட்டுட்டு ஜபம் பண்ணிக்கிட்டு இருந்திருக்கீங்களே, அது எதுல சேர்த்தி?"