பத்தில் இல்லாத படம்

பாளையங்கோட்டையில் தேசிகன் என்பவர் ஒரு திரைப்படச் சங்கம் நடத்திவந்தார். படம் பார்த்து விமர்சனம் எழுதக் கற்றுக்கொள்ளச் சிலர் அவரிடம் வந்தார்கள். அவர்களில் அந்தோணிமுத்து, குருவைவிட நாலு வயது பெரியவர்.

பத்தாண்டின் சிறந்த பத்துப் படங்களை வரிசைப்படுத்திச் சங்க மலரில் போட முடிவானது. அந்த வேலையை அந்தோணிமுத்து கேட்டு வாங்கிக்கொண்டார். அச்சுக்குப் போகவேண்டிய நாளில் பட்டியலைக் கொண்டுவந்தார்.

குரு படித்துவிட்டு, முதல் படத்தின் கதையைச் சொல்லச் சொன்னார். அந்தோணிமுத்து சொன்னார். இடைவேளைக்குப் பிறகு தடுமாறி நோட்டைப் புரட்டினார்.

"இது உங்க நோட்டுக்குப் பிடிச்ச படம் போல."

சீடர் சிரிக்கவில்லை.

"சவரிராயன் படத்தைக் காணோமே?"

"அது எந்த வரிசையிலயும் வராது ஐயா."

இயக்குநர் சவரிராயன் அந்தோணிமுத்துவின் பழைய நண்பர். ஒரு பஸ் பயணத்தில், தன் அப்பாவின் கடைசி நாட்களை அந்தோணிமுத்து அவரிடம் சொல்லியிருந்தார். மூன்று வருடம் கழித்து அது படமாக வந்தது. டைட்டிலில் ஒரு நன்றிகூட இல்லை. அன்றோடு பேச்சு நின்றது. இந்தப் பட்டியலில் அந்தப் படம் வந்துவிடக் கூடாது என்றுதான் வேலையைக் கேட்டு வாங்கினார்.

"அதுல என்ன குறை?"

அந்தோணிமுத்து நோட்டை மூடி வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். கிணற்றடியில் நிழல் மாறி விழுகிறது. ஆஸ்பத்திரிச் சுவரில் கடிகாரம் ஓடவில்லை. மகனாக நடித்தவனுக்கு அழத் தெரியவில்லை. ஒரு காட்சி விடாமல் சொல்லிக்கொண்டே போனார். அப்பாவாக வரும் கிழவர் உட்காரும் முன் துண்டை நாலாக மடித்து முழங்காலில் போட்டுக்கொள்ளும் இடம் வந்தது. அங்கே நிறுத்திவிட்டார்.

"அதுல என்ன தப்பு?"

"அது மட்டும் சரியா இருக்கு."

"எத்தனை தடவை பார்த்தீங்க?"

"பதினொரு தடவை."

"எதுக்கு?"

"தப்பு கண்டுபிடிக்க."

குரு பட்டியலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அதுக்கு ஒரு தடவை போதும். மீதிப் பத்துத் தடவை யாரைப் பார்க்கப் போனீங்க?"

அச்சகத்திலிருந்து வந்தவர் வாசலில் நின்று கையை நீட்டினார். அந்தோணிமுத்து தாளைக் கொடுக்கவில்லை.